கங்காதரன் கேட்ட நாலு வரி

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு படத்தைப் பார்த்து வந்தது.

திருமுல்லைவாயிலில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் நாற்பத்தெட்டு வீடுகள். இரண்டு கதைகள் பத்திரிகையில் வந்த பாவத்துக்காக என்னைச் சங்கச் செயலாளராக்கிவிட்டார்கள். தண்ணீர் வரவில்லையா, மனு. தெருவிளக்கு எரியவில்லையா, மனு. யாருடைய பிள்ளைக்காவது காய்ச்சலா, லீவு லெட்டர். எல்லாவற்றுக்கும் என் கதவுதான். போன ஆடி மாதம் மொட்டைமாடித் தொட்டி விஷயமாகக் கையெழுத்து வாங்க இரண்டாவது மாடிக்குப் போனேன். கங்காதரன் வீடு. ஹாலில் சாமிப் படங்களின் வரிசையிலேயே, அவற்றோடு தோளோடு தோளாக, ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கீழே இருட்டு, மேலே வெளிச்சம், நடுவில் அலைகள். ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே அளவில், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து.

“இது எந்தக் கடல்?” என்று கேட்டேன்.

கங்காதரனின் மனைவி புஷ்பா சிரித்தார். “கடலு இல்லீங்க, இரும்பாம். எனக்கும் மொதல்ல அப்டித்தான் தோணுச்சு. இவுரு செஞ்ச வேலையாம். ஆவடிப் பொண்ணு ஒண்ணு, லேபுல கீது, அது ஃபிரேம் போட்டுக் குடுத்துச்சு. வெள்ளிக்கெழமையானா நான் ஒரு பொட்டு வெச்சுடுவேன்.”

கண்ணாடியின் மேல் சந்தனப் பொட்டு காய்ந்திருந்தது. கங்காதரன் படத்தின் பக்கமே திரும்பவில்லை. கையெழுத்துப் போட்டார், பேனாவை மூடாமலே என்னிடம் நீட்டினார்.

தன்னைப் புகழ்ந்து மாட்டிய படத்தை ஒரு மனிதன் பார்க்காமல் இருக்கிறான் என்றால் அங்கே கதை இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. மூன்று வாரம் கழித்து அவரே என் வீட்டுக்கு வந்து சொன்னார். எதற்காக வந்தார் என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் என் மானம் போய்விடும். விஷயம் மட்டும் இது: அந்தப் படத்தில் இருக்கும் உலோகத் துண்டு, அது எந்தத் தகட்டினுடையது என்று அந்தப் பெண் நம்புகிறாளோ அந்தத் தகட்டினுடையது அல்ல. அது அவளுக்குத் தெரியாது. தெரியாமல் சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அவளிடம் கங்காதரன் அதைச் சொல்ல வேண்டும்.

சொல்வாரா, மாட்டாரா. கதை அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் சேர்த்த மசாலா.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

அன்று பிற்பகல் மூன்று நாற்பதுக்கு வானம் இடிந்து பூமியின் தலையில் விழுந்தது போல

(விட்டுவிட்டேன். கங்காதரனிடம் படித்துக் காட்டியபோது தலையில் அடித்துக்கொண்டார். “அவ்ளோ சீன்லாம் இல்ல சார். டொம்முனு ஒரு சத்தம். அப்பால மண்ணு கொட்டும். நாங்கதான் தூரமா பங்கருக்குள்ள காத பொத்திகினு குந்திகினு இருப்போமே, இன்னாத்த பாக்குறது?” இருபத்தாறு வருஷமாகத் தான் செய்யும் வேலை நடக்கிற கணத்தை அவர் ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை.)

இரண்டாவது தொடக்கம்:

எஃகுக்கும் டைட்டானியத்துக்கும் ஜாதகம் பொருந்தாது. பெரியவர்கள் சம்மதிக்காத அந்தக் கல்யாணத்தை வெடிமருந்துதான் முன்னின்று

(இதுவும் போச்சு. பொருந்தாத இரண்டு உலோகம் என்றதும் கலப்புக் கல்யாணம் ஞாபகம் வராத எழுத்தாளன் தமிழ்நாட்டில் பிறந்திருக்க மாட்டான். அம்பத்தூரில் ஒரு பையன், பட்டாபிராமில் ஒரு பெண் என்று மூன்று பக்கம் ஓட்டினேன். என் மனைவி வாங்கிப் படித்தாள். “எல்லாம் சரி, இதுல தகடு எங்கே?” என்றாள்.)

ஆகையால் தகட்டைச் சொல்கிறேன். ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் சூடான அமிலத்தை அடைத்துவைக்க ஒரு பெரிய கலன் வேண்டும். எஃகு அழுத்தத்தைத் தாங்கும், அந்த அமிலத்தைத் தாங்காது. டைட்டானியம் அமிலத்தைத் தாங்கும். ஆனால் கலன் முழுவதையும் அதிலேயே செய்தால் முதலாளி தாங்கமாட்டார். ஆகவே கனமான எஃகுத் தகட்டின் மேல் மெல்லிய டைட்டானியத் தகட்டை ஒட்ட வேண்டும். நெருப்பில் உருக்கி ஒட்டினால் ஒட்டிய இடம் வறுத்த அப்பளம் மாதிரி நொறுங்கும். அதனால் வெடி. கீழே எஃகு, கொஞ்சம் இடைவெளி விட்டு மேலே டைட்டானியம், அதன் மேல் நான்கு பக்கமும் சட்டம் கட்டி வெடிப்பொடி. ஒரு முனையில் டெட்டனேட்டர். வெடி அந்த முனையில் தொடங்கி மறுமுனைக்கு ஓடும்போது மேல்தகட்டைக் கீழ்த்தகட்டின் மேல் அறைந்துகொண்டே போகும். நடுவில் இருக்கும் அழுக்கு, துரு எல்லாம் முன்னால் பீய்ச்சிக்கொண்டு வெளியேறும். உருகாமலே இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாதபடி கவ்விக்கொள்ளும். சரியாக ஒட்டிய இடத்தைக் குறுக்கே வெட்டி, தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அலை தெரியும். அலை வெடி ஓடிய பக்கமாகச் சாய்ந்திருக்கும்.*

(* டெட்டனேட்டருக்கு நேர் கீழே மட்டும் ஒட்டாது. தொடங்கிய இடத்தில் வேகம் போதாது. அதனால் தகட்டுக்கு வெளியே ஒரு வால் விட்டு அங்கே வெடியைத் தொடங்குவார்கள், பிறகு வாலை வெட்டிப் போட்டுவிடுவார்கள். மேலே நான் வெட்டிப் போட்ட இரண்டு தொடக்கங்களும் அந்த வால்தான் என்று எழுதி ஒரு நிமிடம் பூரித்துப்போனேன். பார்த்தீர்களா, இதுதான் என் வியாதி. இந்த வியாதியால்தான் இவ்வளவு காலதாமதம்.)

மூன்றாவது தொடக்கம். இது நிற்கட்டும்:

கங்காதரனின் வலது கைக்கு ஈரம் தெரிந்தது.

3

கங்காதரனின் வலது கைக்கு ஈரம் தெரிந்தது. தெரிந்ததை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

வைகாசி மாதம். திருவள்ளூர் தாண்டி, கல் எடுத்து முடித்துக் கைவிட்ட ஒரு குவாரி. காலையில் ஒரு தகடு சுட்டாயிற்று, அதாவது வெடிவைத்து ஒட்டியாயிற்று, அருமையாக வந்தது. பிற்பகல் இரண்டாவது தகடு. பொடியைக் கொட்டி, மரச்சட்டத்தால் இழுத்து, கிழவி கோலமாவு சலிப்பது போல் என்று நான் எழுதினேன், அடித்துவிட்டேன். கட்டடத்தில் சிமெண்ட் பூச்சை மட்டம் பார்ப்பது போல என்று அவர் சொன்னார், அதுவே சரி. அப்படி மட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று ஒரு மழை. கோடைமழை, ஐந்து நிமிடம். தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். காற்று ஒரு ஓரத்தைத் தூக்கிவிட்டது, டெட்டனேட்டருக்கு எதிர்முனையில்.

மழை நின்றதும் தார்ப்பாயை விலக்கிவிட்டுக் கங்காதரன் எதிர்முனையில் ஒரு பிடி பொடியை அள்ளினார். கையை இறுக்கித் திறந்தார். பொடி உதிர்ந்திருக்க வேண்டும். கொழுக்கட்டை மாவு போல விரல் தடம் பதிந்து அப்படியே உட்கார்ந்திருந்தது. உள்ளங்கை வியர்வை, என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அஸ்வின் பக்கத்தில் நின்றான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆன இன்ஜினியர். “அண்ணா, அந்தப் பக்கம் ஈரம் பட்டுடுச்சுன்னு நினைக்கிறேன். இதை அழிச்சிட்டு, புதுப் பொடி வாங்கி நாளைக்குச் சுடலாமே?”

ஏழு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு மணிக்குள் சுட வேண்டும் என்பது அனுமதி. பிரித்துக் கொட்டிய பொடியை மறுபடி மூட்டைக்குள் போடுவது இந்த வேலையில் வழக்கமில்லை. ஒன்று சுட வேண்டும், இல்லை அழிக்க வேண்டும். அழித்ததாகக் கங்காதரன் பேரில் ஒரு நாள்கூடக் கிடையாது.

“இன்னா தம்பி, நாலு தூத்தலுக்குப் பயந்தா பொழப்ப ஓட்ட முடியுமா? மூடிகினுதான இருந்துச்சு. ஒண்ணும் ஆவாது. நான் சொல்றேன்ல?”

மூன்று நாற்பதுக்குச் சுட்டார்கள். டொம். பிறகு மண் கொட்டியது.

“சத்தம் கொறவா கேட்டுச்சா?” என்று நான் கேட்டேன்.

“கேட்டுச்சு சார்,” என்றார். பிறகு, “இல்ல சார், அது நான் இப்போ நெனைக்கிறது. அப்போ நல்லாத்தான் கேட்டுச்சு,” என்றார்.

எதை எழுதுவது என்று தெரியாமல் இரண்டையும் எழுதியிருக்கிறேன்.

4

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் அவர்கள் பட்டறையில் தகட்டை நிமிர்த்தினார்கள். ஒலி அனுப்பிச் சோதித்தார்கள். உள்ளே எங்காவது பிரிந்திருந்தால் போன ஒலி பாதியிலேயே திரும்பிவிடும். திரும்பவில்லை. ஒட்டியிருக்கிறது என்றது மெஷின். ஆனால் மெஷினுக்குத் தெரிந்தது தொடுகிறதா இல்லையா என்பது மட்டும். இறுக்கமாகத் தொட்டுக்கொண்டு, ஒட்டாமல் இருக்கும் இரண்டு பரப்பும் அதற்கு ஒட்டிய மாதிரிதான்.

அதனால்தான் துண்டு வெட்டுவது. வெடி முடிந்த முனையின் ஓரத்தில் ஒரு துண்டை வெட்டி, தகட்டின் எண்ணை அதில் அடித்து, வெளி லேபுக்கு அனுப்ப வேண்டும். அங்கே இழுத்துப் பார்ப்பார்கள், வளைத்துப் பார்ப்பார்கள், மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள்.

கங்காதரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. லேபுக்குப் போகும் துண்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பட்டை வெட்டி, பட்டறைக்குப் பின்னால் வைஸ் இடுக்கியில் கடித்துவைத்து, ஒட்டின கோட்டில் உளியை வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போடுவார். உளி வழுக்க வேண்டும், அல்லது டைட்டானியம் கிழிய வேண்டும். கோடு திறக்கக் கூடாது. இருபத்தாறு வருஷத்தில் திறந்ததில்லை.

திறந்தது. ஒரே போடு. இரண்டு பாதியும் தனித்தனியாகக் கீழே விழுந்தன. உள்ளே இரண்டு முகமும் மொழுமொழுவென்று, அலையே இல்லாமல், சாம்பல் நிறத்தில் இருந்தன.

ஓரம்தானே, என்று நினைத்தார். ஓரத்தை எப்படியும் வெட்டிப் போடப்போகிறோம். உள்ளே நன்றாக இருக்கும். எத்தனை அங்குலம் உள்ளே வரை ஈரம் போயிருக்கும்? இரண்டா? இருபதா? அது யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். நாளைக்கு அஸ்வின் ஒன்றும் சொல்லமாட்டான். சும்மா பார்ப்பான்.

காலையில் சுட்ட தகட்டின் ஓரம் இன்னும் கிடந்தது. அதே நாள், அதே உலோகம், அதே பொடி. அதிலிருந்து ஒரு துண்டு வெட்டினார். எண் பொறிக்கும் இரும்பு அச்சுகளை, நம்பர் பஞ்சுகளை எடுத்தார். பிற்பகல் தகட்டின் எண்ணை அடித்தார். ஆறு இலக்கம், ஆறு அடி.

“ஒரு அடியிலாவது கை நடுங்கலையா?” என்று கேட்டேன். எனக்கு நடுக்கம் தேவையாக இருந்தது.

“இல்ல சார்,” என்றார். “தெளிவா வுழுந்துச்சு. என் கையி அவ்ளோ தெளிவா அடிச்சதே இல்ல.”

பிரிந்த இரண்டு பாதியையும் ஒரு பழைய லுங்கித் துணியில் சுற்றி ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுக்கொண்டார். தூக்கி எறிய மனம் வரவில்லை. இன்றுவரை அது டிக்கியில்தான் இருக்கிறது.

5

லேப் பெண் மோகனப்பிரியாவை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

முதல் பிரதியில் அவளைக் கெட்டிக்காரியாக்கி, அலையைப் பார்த்ததும் சந்தேகப்படவைத்தேன். கதைக்கு அது வசதி. ஆனால் நடக்காது. அவளிடம் வந்தது உண்மையிலேயே நல்ல துண்டு. அதைச் சரியாகச் சோதித்தாள், சரியாக எழுதினாள். அவள் அறிக்கையில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. பொய் இருந்தது அந்த ஆறு இலக்கத்தில் மட்டும்.

(அடுத்த பிரதியில் அவள் தலையில் கனகாம்பரம் வைத்தேன். எடுத்துவிட்டேன். நான் அவளைப் பார்த்ததே இல்லை. ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவள், அப்பா அங்கே வேலை பார்த்தவர், வயது முப்பதை ஒட்டி. இவ்வளவுதான் தெரியும்.)

துண்டு கொடுத்த நாலாம் நாள் அவளே போன் செய்தாளாம். “அண்ணா, எஸ்டேட் பக்கம்தானே இருக்கீங்க? ஒரு எட்டு வந்துட்டுப் போங்கண்ணா, ஒண்ணு காட்டணும்.”

தெரிந்துவிட்டது என்றே நினைத்துக் கங்காதரன் போனார். சொல்லிவிடலாம், இன்றோடு விட்டது சனியன் என்று ஒரு நிம்மதிகூட வந்ததாம்.

அவள் கணினித் திரையைத் திருப்பினாள். அலைகள்.

“பதினோரு வருஷமா பார்க்கிறேண்ணா. இந்த மாதிரி ஒண்ணு நான் பார்த்ததில்ல. ஒரு வெடிப்பு இல்ல, ஒரு ஓட்டை இல்ல. எப்படிண்ணா பொடி போட்டீங்க? கையா, என்னது அது?”

கங்காதரன் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

“அது... காலையில போட்டதும்மா,” என்றார். உண்மையின் முனை அது. அங்கேயே பிடித்து அவள் இழுத்திருந்தால் மொத்தமும் வந்திருக்கும். அவள் இழுக்கவில்லை. எதற்கு இழுக்கப்போகிறாள்? “காலை வேலைன்னா நிதானமா இருக்கும்லண்ணா,” என்றாள். அடுத்த வாரம் படத்தைப் பெரிதாக்கி, ஃபிரேம் போட்டு, இரண்டு எடுத்தாள். ஒன்று லேப் சுவரில். இன்னொன்றை வீடு தேடி வந்து புஷ்பாவின் கையில் கொடுத்தாள்.

ஆவணி பிறந்ததும் மறுபடி ஒரு தடவை சொல்லப் போனார். அவள் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்களுக்குச் சுவரில் இருந்த படத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். “இதோ, அண்ணாவே வந்துட்டார். இவர் பிளேட்டுன்னா கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்துப் போடலாம்னு எல்லாரும் சொல்வாங்க. ஆனா நான் போட மாட்டேன். பார்த்துட்டுத்தான் போடுவேன். அதுதான் அண்ணாவுக்கு நான் குடுக்கிற மரியாதை.”

டீ குடித்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

6

அன்று சாயங்காலம் கங்காதரன் மனப்பாரம் தாங்காமல் என் வீட்டுக் கதவைத் தட்டினார். யாரிடமாவது சொல்லி அழ வேண்டும் போல் இருந்தது அவருக்கு

6 (மறுபடியும், இந்த முறை நேர்மையாக)

அவர் அழ வரவில்லை. லெட்டர் எழுத வந்தார்.

“சார், நீ மனு எழுதுவல்ல? எனக்கு ஒண்ணு எழுதிக் குடு. வாயால சொல்லப் போனா அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்து ஊமையாயிடுறேன். நானா எழுதுனா மன்னிச்சுக்கோ மன்னிச்சுக்கோன்னு ரெண்டு பக்கம் போவுது, விசயம் வரமாட்டேங்குது. நாலு வரி போதும். இந்தத் துண்டு அந்த பிளேட்டுது இல்ல. அவ்ளோதான். கையில குடுத்துட்டு நின்னுடுவேன். எழுத்துல இருந்தா அப்பால நானே பின்வாங்க முடியாது.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? “உட்காருங்க, முதல்லேர்ந்து சொல்லுங்க,” என்றேன்.

அப்போது தகடு நசரத்பேட்டைப் பக்கம் ஒரு பெரிய பட்டறையில் இருந்தது. கலனின் ஒரு பாகமாக ஆகிக்கொண்டிருந்தது. துளை போட ஆரம்பிக்கவில்லை. அன்றே நாலு வரி எழுதியிருந்தால் தகட்டை ஓரமாகத் தள்ளிவைத்து, அறுத்துப் பார்த்து, வேறு தகடு சுட்டிருப்பார்கள். இரண்டு நாளில் தருகிறேன் என்றேன். மூன்றாம் நாள் வந்தார். “லெட்டர் ஆச்சா சார்?” ஆயிற்று, ஆனால் ஒரு சந்தேகம், அந்தப் பொடி கையில் எப்படி இருந்தது என்று இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றேன். பாவி மனிதர், சொன்னார். அடுத்த வாரம் வந்தார். அன்றைக்கு உளியின் சத்தத்தைக் கேட்டு வாங்கினேன். அதற்கடுத்த வாரம் மோகனப்பிரியா சொன்ன வார்த்தைகளை. வாராவாரம் வந்தார். வாராவாரம் டீ கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் “லெட்டர் ஆச்சா சார்?” என்று கேட்டார், ஒவ்வொரு தடவையும் எனக்குக் கதை இன்னும் நன்றாக வந்துகொண்டிருந்தது.

துளை போட்டுவிட்டார்கள் என்று ஒரு வாரம் சொன்னார். கலனோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டார்கள் என்று இன்னொரு வாரம். நான் குறித்துக்கொண்டேன். கதையில் நெருக்கடி ஏறுகிறது என்று ஓரத்தில் எழுதிவைத்தேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

7

முடிவுகள்.

அ. கலன் பிளக்கிறது. இதை ஒரே மூச்சில் எழுதினேன். மோகன், கலியமூர்த்தி, முகமது ஆசிக் என்று மூன்று தொழிலாளர்கள். கலியமூர்த்தியின் மகளுக்கு வளைகாப்பு அடுத்த வாரம் என்றுகூட வைத்தேன். உங்கள் கண்ணில் தண்ணீர் வரவழைக்க மூன்று பேரைக் கொன்றேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன். உண்மையில் அந்தக் கலனுக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறவர்களின் பேர் எனக்குத் தெரியாது. அவர்களுக்குப் பேர் உண்டு. இந்த முடிவைக் கங்காதரனிடம் காட்டவில்லை.

ஆ. ஒன்றும் ஆகவில்லை. ஈரம் இரண்டு அங்குலம்தான் போயிருந்தது. முப்பது வருஷம் கலன் ஓடுகிறது. வெள்ளிக்கிழமைதோறும் படத்துக்குப் பொட்டு. கங்காதரன் அந்த ஹாலில் உட்காரும்போதெல்லாம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறார். (இதுதான் எனக்கு அதிகம் பயம் தரும் முடிவு.)

இ. மோகனப்பிரியா கடிதத்தைப் படித்துவிட்டு, கண்கள் கலங்க, “பரவாயில்லண்ணா, நீங்க சொன்னதே

சீ.

8

இன்று செவ்வாய்க்கிழமை. மூன்று மணிக்குக் கங்காதரன் வந்தார். ஐப்பசி அடைமழைக்கு நடுவில் இன்று கொஞ்சம் வெயில். நின்றுகொண்டே சொன்னார்: “வியாழக்கெழம லோடு ஏத்துறாங்களாம் சார். போயிடும்.”

கதை முடியும் நிலைக்கு வந்திருந்தது. ஒன்பது வாரம். கடிதம் எழுதாததற்கு என்னிடம் வேறு சமாதானமும் இல்லை. அச்செடுத்த தாள்களை அவர் கையில் கொடுத்தேன். “இதைப் படிச்சுப் பாருங்க,” என்றேன். அவர் மனசு நிறைந்துவிடும் என்று நினைத்தேன். அல்பன், அப்படித்தான் நினைத்தேன்.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, வரிக்குக் கீழே விரலை ஓட்டிப் படித்தார். உதடு அசைந்தது. என் மனைவி வைத்த டீ ஆடை கட்டியது. குவாரி வரும் பக்கத்தில் நிறுத்தி மறுபடி படித்தார். உளி வரும் பக்கத்தில் மூக்கை உறிஞ்சினார். எனக்குள் ஒரு நாய் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

படித்து முடித்துத் தாள்களைத் தட்டி அடுக்கினார்.

“நல்லா கீது சார். மழ, பொடி, எல்லாம் அப்டியே கீது. எனக்கே அழுவ வந்துடுச்சு.” பிறகு மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். புரட்டினார். கடைசிப் பக்கம் வரை எதையோ தேடினார். “பிளேட் நம்பரு எங்க சார்?”

“அது... எண்ணெல்லாம் எடுத்துட்டேன். யாருக்கும் பிரச்சினை வரக்கூடாதுன்னு.”

“நம்பரு இல்லன்னா அது எந்த பிளேட்டுன்னு அவங்களுக்கு எப்டி சார் தெரியும்?”

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு முகத்தைக் கொண்டுபோய் வைத்துக்கொள்ள இடம் இல்லை. என் மனைவி சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

வெள்ளைத்தாள் எடுத்தேன். ‘மிகுந்த மனவேதனையுடன்’ என்று ஆரம்பித்தேன்.

“அது வாணாம் சார்.”

அடித்துவிட்டு வேறு தாள் எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்:

______ எண் தகட்டுக்கு நான் அனுப்பிய துண்டு அந்தத் தகட்டில் வெட்டியது அல்ல.
அன்று காலையில் சுட்ட வேறு தகட்டில் வெட்டி, எண்ணை மாற்றி அடித்தவன் நான்.
அந்தத் தகட்டின் உண்மையான பட்டை உளியில் பிரிந்துவிட்டது. இரண்டு பாதியும் இதோடு இருக்கிறது.
தகடு இப்போது கலனில் இருக்கிறது, வியாழக்கிழமை வெளியே போகிறது, நிறுத்தவும்.

கீழே கையெழுத்து. பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தார். எண்ணை இந்தக் கதையில்தான் எழுதாமல் விட்டிருக்கிறேன். கடிதத்தில் விடவில்லை. ஆறு இலக்கமும் தெளிவாக இருக்கிறது.

மொத்தம் எட்டு நிமிடம் ஆயிற்று. ஒன்பது வாரமாக நான் எழுதாமல் வைத்திருந்த எட்டு நிமிடம்.

“நீயும் வா சார்,” என்றார். “தனியா போனா வழியில டன்லப் ஸ்டாப்பு கிட்ட வண்டிய திருப்பிடுவேன். என்னப் பத்தி எனக்குத் தெரியும்.”

ஆட்டோவுக்குச் சொன்னோம். அவர் கீழே போனார். டிக்கியைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு இரண்டாவது மாடியில் புஷ்பாவின் குரல்:

“யோவ், அத்த ஏன் கழட்டுற? கடல எங்க எத்துகினு போற?”

அவர் என்ன பதில் சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. நான் இட்டுக்கட்டப் போவதுமில்லை.

9

ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பழக்கதோஷம். மணி நாலே கால். மோகனப்பிரியா ஐந்தரை வரை லேபில் இருப்பாளாம். கதவைத் திறந்து “வாங்கண்ணா” என்பாள். படத்தை அவர் கையில் பார்த்து, கண்ணாடி உடைந்துவிட்டதா என்று கேட்பாள். அதுவரை என்னால் பார்க்க முடிகிறது. அதற்குப் பிறகு அவள் முகம் என்ன ஆகும், அவள் பேருக்கு என்ன ஆகும், லோடு நிற்குமா, நசரத்பேட்டையில் யார் போனை எடுப்பார்கள், எதுவும் எனக்குத் தெரியாது. டன்லப் நிறுத்தத்தில் அவர் ஆட்டோக்காரரின் தோளைத் தட்டுவாரா என்பதும் தெரியாது. தட்டினால் நான் என்ன செய்வேன்? பிடித்துக்கொள்வேன் என்று எழுதத் தோன்றுகிறது. என்னை நம்பாதீர்கள்.

முடிவு உங்கள் கையில். இரண்டே வேண்டுகோள். அந்தப் பெண்ணை உடனே மன்னிக்கவைக்காதீர்கள். பதினோரு வருஷமாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவள் அவள். கங்காதரனை நல்லவராக்கிவிடாதீர்கள், அவர் அதைக் கேட்கவில்லை, நாலு வரிதான் கேட்டார்.

கீழே ஹார்ன் அடிக்கிறார்கள். எட்டிப் பார்த்தேன். கங்காதரன் ஆட்டோவில் உட்கார்ந்துவிட்டார். மடியில் துணிச்சுருள், அதன் மேல் படம், படத்தின் மேல் இரண்டு கையும். பக்கத்தில் எனக்கு இடம் விட்டிருக்கிறார். நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். எனக்கு நேரமில்லை.